கார்டுக்கு வைக்கும் பரீட்சை

ஆண்டுதோறும் ஆடி பிறந்து விடுதியில் புதிய முகங்கள் தென்படத் தொடங்கியதும், என் அறைக் கதவை யாரேனும் தட்டுவது வழக்கமாகிவிட்டது. "அண்ணே, கம்ப்யூட்டருக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்? உங்களைக் கேட்டால் சரியாகச் சொல்வீர்கள் என்றார்கள்" என்று வந்து நிற்பார்கள். இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பது எனக்கே விளங்காத புதிர். தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் நேரு பிளேஸ் கடைகளைச் சுற்றி அலைந்து, இரண்டு மூன்று நண்பர்களுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தேன். அது போதுமானதாயிற்று. தேள் கடிக்கு ஒருமுறை மருந்து சொல்லி, அது பலித்தும் விட்டால், ஊரார் அவனை வைத்தியனாகவே ஆக்கிவிடுவதில்லையா? அப்படித்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவன் கட்டடக்கலை பயிலும் தம்பி; தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. தான் வரைந்த வீட்டுக்குள் நடந்து செல்வது போலத் திரையில் காட்ட வேண்டும். அதற்கு நல்ல கார்டு தேவை என்றான். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் அவனிடம் இருந்தது. ஊரில் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் அவன் அக்கா 14,000 ரூபாய் அனுப்பியிருந்தாள். "இதற்குள் எது நல்லது அண்ணே?" என்றான். நான் கைபேசியை எடுத்தேன். ஒரு மதிப்புரையில் நெட்டையும் குட்டையுமாகப் பட்டைகள் போட்ட படம் ஒன்று கிடைத்தது. அவன் பணத்துக்குள் அடங்கும் கார்டுகளில் எதன் பட்டை நீளமோ அதன் பெயரைச் சொன்னேன். அரை நிமிடம் ஆகியிருக்கலாம்.

அவன் வாங்கினான். மூன்று வாரம் கழித்து, ஜூரிக்கு முன்தினம், முகம் வாடி வந்து நின்றான். வீட்டின் வாசல் வரை படம் ஒழுங்காக ஓடுகிறது. கூடத்துக்குள் நுழைந்ததும் நொண்டி மாடு போல நின்று நின்று போகிறது என்றான். போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். மறுநாள் ஆசிரியர்கள் முன்னிலையிலும் அப்படியே நின்று நின்று போயிற்று. அவன் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கார்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குற்றம் அதனுடையது அன்று. நடந்தது இதுதான். கார்டுக்கென்று சொந்தமாக ஒரு நினைவகம் உண்டு. அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியைப் போன்றது அது. படத்துக்கு வேண்டிய பண்டங்கள் அதில் கொள்ளாவிட்டால், கம்ப்யூட்டரின் பொது நினைவகமாகிய பத்தாயத்துக்கு ஓடி எடுத்துவர வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. பெரிய கார்டுகளுக்கு அவ்வழியில் 16 தடங்கள். தம்பி வாங்கிய மலிவான கார்டுக்கு 4 தடங்களே. புதிய வகை மதர்போர்டில் அந்த நான்கு தடங்கள் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட் சுமக்கும். அவனுடைய போர்டு ஒரு தலைமுறை பழையது. அதில் அதே நான்கு தடங்கள் பாதியைத்தான் சுமக்கும். கார்டின் நினைவகமோ 4 கிகாபைட். கூடத்துக்குள் அவன் போட்டிருந்த மரவேலையும் தரைக்கல்லும் திரைச்சீலையும் அந்த அளவை மீறிவிட்டன. ஒற்றையடிப் பாதையில் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடியது கார்டு.

பிறகு அந்த மதிப்புரையை முழுவதும் படித்தேன். சோதித்தவர் நேர்மையானவர். இரண்டாம் பக்கத்தில், இதே கார்டைப் பழைய வகைப் போர்டில் பூட்டிப் பார்த்ததாகவும், சில விளையாட்டுகளில் வேகம் பெரிதும் சரிவதாகவும், பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்போர் இதை வாங்க வேண்டாம் என்றும் தெளிவாக எழுதியிருந்தார். நான் முதற்பக்கத்துப் பட்டையோடு நின்றுவிட்டேன்.

அன்று தொடங்கி இந்தச் சோதனைகள் எவ்வாறு நடக்கின்றன என்று துருவிப் படிக்கலானேன். படித்ததில் நம் மாணவர்களுக்குப் பயன்படக் கூடியதைச் சொல்லுகிறேன்.

கார்டின் வேலை, திரையில் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டுவது. வினாடிக்கு 60 படம் தீட்டினால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி ஆகிறது. சோதிப்பவர்கள் இந்த எண்ணிக்கையைத்தான் அளக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, மற்றெல்லாவற்றையும் அப்படியே விட்டு, கார்டை மட்டும் மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். ஒரே விளையாட்டில் ஒரே இடத்தில் ஒரே பாதையில் நடந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் மூன்று முறை நடப்பார்கள். முதல் நடையை எடுத்துக்கொள்வதில்லை. விளையாட்டு முதன்முறை ஓடும்போது நிழலும் ஒளியும் தீட்டுவதற்கான கட்டளைகளைத் தயார் செய்துகொண்டிருக்கும், அதனால் திக்கும். கார்டைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே அளப்பார்கள். குளிர்ந்திருக்கும் கார்டு புதுமாப்பிள்ளை போலத் துள்ளும். சூடேறியபின் சிறிது அடங்கும். அடங்கிய வேகந்தான் நாம் நாள்தோறும் காணப்போகும் வேகம்.

இவையெல்லாம் நியாயமே. ஆனால் சோதனை மேசையில் ஒரு வழக்கம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் பட்டைகளைப் பார்ப்பதால்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். கடையில் கிடைப்பதிலேயே மிக வேகமான பிராசசரை அந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்கலாம். வியாசர் சொல்ல விநாயகர் எழுதியதாகக் கேட்டிருக்கிறோம். எதைத் தீட்ட வேண்டும் என்று சொல்வது பிராசசர், தீட்டுவது கார்டு. சொல்பவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், எழுதுபவர் விநாயகரே ஆனாலும் எழுத்தாணியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். அப்போது நாம் அளப்பது எழுதுபவரின் வேகத்தை ஆகாது. கார்டுகளுக்கிடையே உள்ள வேற்றுமை தெரிய வேண்டுமானால் சொல்பவர் ஒருபோதும் தாமதிக்கலாகாது. ஆகவே சோதனைக்கு அது சரியான முறை. ஆனால் நம் விடுதி அறையில் அந்தப் பிராசசர் இல்லை. மேசையில் 140 படம் காட்டிய கார்டும் 100 படம் காட்டிய கார்டும் நம் பழைய பிராசசரோடு சேர்ந்தால் இரண்டுமே 80-இல் நின்றுவிடக்கூடும். அதிகப்படியாகக் கொடுத்த பணம் எங்கே போயிற்று? சில சோதனைக்காரர்கள் மலிவான பிராசசரோடும் பூட்டிப் பார்த்துத் தனியே ஒரு பட்டியல் போடுகிறார்கள். நம்மைப் போன்றோர் முதலில் தேட வேண்டியது அதையே.

திரையின் அளவும் இதைப் போன்றதே. 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள சாதாரணத் திரையில் மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். 4கே என்று வழங்கும் திரையில் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. பெரிய திரையில் தீட்டும் வேலை மிகுதி, ஆகவே கார்டின் வலிமை நன்கு வெளிப்படும். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நம் சிறிய திரைக்குக் கார்டு வாங்குவது, கல்யாணச் சமையலுக்கு அண்டா வாங்கி இரண்டு பேருக்குச் சோறு வடிப்பதற்கு ஒப்பாகும்.

இனிச் சராசரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சற்று நீண்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்காலமாகக் கார்டு மதிப்புரைகளில் வினாடிக்குச் சராசரி எத்தனை படம் என்று ஓர் எண்ணை மட்டும் போட்டுவந்தார்கள். நம் விடுதி வாயிலில் பேருந்துக்கு நின்றவர்களுக்குச் சராசரியின் சாமர்த்தியம் தெரிந்திருக்கும். மணிக்கு ஆறு பேருந்து என்று எழுதியிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று எண்ணி நிற்போம். ஐம்பது நிமிடம் ஒன்றும் வராது. பிறகு ஆறும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்து சேரும். கணக்கில் பிழை சொல்ல முடியுமா? படங்களும் அப்படியே. ஒரு வினாடியில் 60 படமும் 16.7 மில்லி வினாடி வீதம் ஒழுங்காக வந்தால் கண்ணுக்கு ஆற்றொழுக்காக இருக்கும். 50 படம் 10 மில்லி வினாடி வீதமும் மீதி 10 படம் 50 மில்லி வினாடி வீதமும் வந்தாலும் கூட்டுத்தொகை 1,000 மில்லி வினாடிதான். அதுவும் 60 படந்தான். ஆனால் கண்ணுக்கு அது திக்கல்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில், தி டெக் ரிப்போர்ட் என்ற இதழின் ஆசிரியர் ஸ்காட் வாசன், 'ஒரு வினாடிக்குள்ளே' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். வினாடியை முழுதாக எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்று பிரித்து வரைந்து காட்டினார். பட்டையில் சமமாக நின்ற கார்டுகள் அந்த வரைபடத்தில் சமமாக நிற்கவில்லை. 2013-இல் என்விடியா நிறுவனம் எப்கேட் என்ற முறையை வெளியிட்டது. தீட்டப்படும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு நிறக் கோடு இடப்படும். திரைக்குச் செல்லும் படத்தை மற்றொரு கம்ப்யூட்டர் பிடித்து, எந்த நிறம் எவ்வளவு உயரம் திரையில் தெரிந்தது என்று அளக்கும். ஏஎம்டி நிறுவனத்தின் இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் பூட்டியபோது சில படங்கள் நூலிழை அளவே திரையில் தெரிந்தது அப்போது வெளிப்பட்டது. எண்ணிக்கையில் அதுவும் ஒரு முழுப் படமாகச் சேர்ந்திருந்தது! கண் அதைக் கண்டிருக்கவே முடியாது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏஎம்டி அதைச் சீர்செய்யும் டிரைவரை வெளியிட்டது. கார்டை இயக்கும் மென்பொருளைத்தான் டிரைவர் என்கிறோம்.

இன்று பெரும்பாலோர் பிரசென்ட்மான் என்னும் இலவச மென்பொருளைக்கொண்டோ அதை அடிப்படையாகக் கொண்ட கருவிகளைக்கொண்டோ ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். மதிப்புரையில் சராசரிக்குப் பக்கத்தில் '1 சதவீதத் தாழ்வு' என்று மற்றோர் எண் போடுவது அதிலிருந்து வருவதே. நூறு படத்தில் மிகத் தாமதமான ஒன்று எந்த வேகத்தில் வந்தது என்பதை அது காட்டும். மேலே சொன்ன திக்கல் கணக்கில் சராசரி 60, தாழ்வோ 20. இந்த இரண்டாம் எண்ணை நான் அன்று பார்த்திருந்தால் தம்பியின் அக்கா பணம் பிழைத்திருக்கும். இதைக் கணக்கிடும் முறை ஆளுக்கு ஆள் சிறிது மாறும். ஆகவே ஒருவர் போட்ட தாழ்வை மற்றொருவர் போட்டதோடு ஒப்பிடலாகாது.

பரீட்சை என்று ஒன்று இருந்தால் காப்பி என்றும் ஒன்று இருக்குமல்லவா? இங்கும் உண்டு. 2001-இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டு வந்தபோது, சோதனைக்காரர்கள் வழக்கமாகக் குவேக் 3 என்ற விளையாட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். எண்கள் நன்றாகவே இருந்தன. ஹார்டுஓசிபி என்ற இதழார் அந்த விளையாட்டுக் கோப்பின் பெயரைச் சற்று மாற்றி 'குவாக்' என்று வைத்தார்கள். விளையாட்டு அதேதான், பெயர் மட்டும் வாத்தின் குரலாயிற்று. உடனே வேகம் குறைந்து, படத்தின் தெளிவு கூடியது. டிரைவர், விளையாட்டின் பெயரைப் பார்த்து, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது. இன்னார் மாணவர் என்று தெரிந்துகொண்டு மதிப்பெண் போடும் ஆசிரியரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே இன்ன பரீட்சை என்று தெரிந்துகொண்டு விடை எழுதிற்று மாணவன்.

2003-இல் நடந்தது இதனினும் சுவையானது. 3டிமார்க் 03 என்பது சோதனைக்கென்றே செய்த மென்பொருள். அதில் காட்சி எப்போதும் ஒரே தடத்தில் செல்லும். பார்ப்பவர் தலையை இப்படி அப்படித் திருப்ப முடியாது. என்விடியாவின் டிரைவர் அதைத் தெரிந்துகொண்டு, அந்தத் தடத்திலிருந்து பார்த்தால் தெரியாத பகுதிகளைத் தீட்டாமலே விட்டுவிட்டது. மென்பொருளைச் செய்தவர்களுக்குக் கொடுக்கும் தனிப் பதிப்பில் தடத்தைவிட்டு விலகிப் பார்க்க முடியும். அப்படி விலகிப் பார்த்தபோது வானத்தில் ஓட்டைகள் தெரிந்தன. நாடக மேடையில் அரண்மனைத் தட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாற்போல! மென்பொருளை வெளியிட்ட பியூச்சர்மார்க் நிறுவனம் மே மாதத்தில் ஒரு திருத்தத்தைக் கொடுத்தது. ஜிபோர்ஸ் எப்எக்ஸ் 5900 அல்ட்ரா கார்டின் மதிப்பெண் அதனால் 24.1 சதவீதம் இறங்கிற்று. ஏடிஐயின் மதிப்பெண்ணும் இறங்கியது. ஆனால் 2 சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த மாதமே பியூச்சர்மார்க்கும் என்விடியாவும் கூடிப் பேசி, இதை ஏமாற்று என்று சொல்ல வேண்டியதில்லை, குறிப்பிட்ட மென்பொருளுக்கேற்ற மெருகு என்று சொல்லலாம் என அறிக்கை விட்டன. மெருகு என்ற சொல்லுக்கு இவ்வளவு விரிந்த பொருள் உண்டென்பது எனக்கு அதுவரை தெரியாது.

நல்ல சோதனைக்காரர்கள் விளையாட்டில் தாமே ஒரு பாதையைத் தேர்ந்துகொண்டு நடப்பதும், அந்தப் பாதை எது என்பதை முன்கூட்டி நிறுவனங்களுக்குச் சொல்லாதிருப்பதும் இக்காரணத்தால்தான். கேள்வித்தாள் வெளியானால் பரீட்சை ஏது?

ஆயினும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களும் தவறிய இடம் ஒன்று உண்டு. 2014 செப்டம்பரில் வந்த ஜிபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 970 கார்டை அனைவரும் புகழ்ந்தார்கள். வாங்கிய பொதுமக்கள் சிலர், நினைவகம் 3.5 கிகாபைட்டைத் தாண்டும்போது ஏதோ கோளாறு நேர்கிறது என்று கவனித்துக் கேட்கத் தொடங்கினார்கள். 2015 சனவரியில் என்விடியா உண்மையைச் சொல்லிற்று: 4 கிகாபைட்டில் 3.5 விரைவானது, மீதி அரை கிகாபைட் மிகவும் மெதுவானது. மதிப்புரையாளர்களுக்குக் கொடுத்த விவரத்தாளில் வேறு இரண்டு எண்களும் தவறு. வழக்கு நடந்து, 2016-இல், அமெரிக்காவில் வாங்கியோருக்குக் கார்டுக்கு 30 டாலர் கொடுக்க நிறுவனம் இசைந்தது. சோதனைக்காரர்கள் வெளியிட்ட வேகத்தின் எண்கள் ஒன்றும் பொய்யல்ல. அவர்கள் ஓட்டிப் பார்த்த விளையாட்டுகள் அந்த அரை கிகாபைட்டைப் பெரும்பாலும் தொடவில்லை, அவ்வளவே. தம்பியின் கூடத்தைப் போல, யாரும் நுழையாத அறையில் குறை ஒளிந்திருந்தது.

அது நிற்க. சோதனைக்குக் கார்டு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அதைச் செய்யும் நிறுவனமே, விற்பனைக்குச் சில நாள் முன்னதாக அனுப்பிவைக்கிறது. இன்ன நாள் இன்ன நேரம் வரை வெளியிடலாகாது என்று கட்டுப்பாடும் உண்டு. முன்கூட்டிக் கிடைப்பதால் மதிப்புரையாளர் நிதானமாகச் சோதிக்க முடிகிறது. வாங்குவோருக்கும் விற்பனை நாளன்றே விவரம் கிடைக்கிறது. ஆனால் கொடுக்கிற கைக்கு நிறுத்தவும் தெரியும். 2020 டிசம்பரில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு குழுவினருக்கு, கதிர்த்தடம் பற்றி ஒளியைக் கணிக்கும் 'ரே டிரேசிங்' முறைக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை என்று காரணம் காட்டி, இனி உங்களுக்குக் கார்டு அனுப்ப மாட்டோம் என்று என்விடியாவிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் அதை வெளிப்படுத்தினார்கள். மற்ற மதிப்புரையாளர்களும் கண்டித்தார்கள். சில நாட்களில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வந்தபோது கையாண்ட வழி வேறு. கார்டு கையில் இருந்தும், அதை இயக்கும் டிரைவர் விற்பனை நாளுக்கு முன் பெரும்பாலான மதிப்புரையாளர்களுக்குக் கிடைக்கவில்லை. நிறுவனம் வகுத்த வரம்புக்குள் முன்னோட்டம் எழுத இசைந்த சிலருக்கு மட்டும் கிடைத்தது. ஆகவே முதல் நாளில் வந்து குவியும் புகழுரைகளை நான் படிப்பதில்லை. ஒரு வாரம் பொறுத்தால், கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதித்தவர்கள் எழுதுவார்கள். நமக்கென்ன, அடுத்த மாதம் வீட்டிலிருந்து பணம் வரும்வரை காத்திருப்பவர்கள்தானே.

இப்போது புதிதாக ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. கார்டு தீட்டிய இரண்டு படங்களுக்கிடையே, இப்படி இருக்கலாம் என்று ஊகித்து இன்னும் சில படங்களைச் செருகும் முறை வந்துவிட்டது. 2025 சனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் தலையாய கார்டாகிய 4090-இன் வேகத்தைக் கொடுக்கும் என்றார். மார்ச்சில் கார்டு வந்தது. செருகிய படங்களை நீக்கி எண்ணியபோது அது 4090-க்கு வெகுதூரம் பின்னால் நின்றது. செருகிய படம் திரையை வழுவழுப்பாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் நாம் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் உள்ள இடைவெளி அதனால் குறைவதில்லை, சிறிது கூடவும் செய்யும். பட்டையின் அடியில் சிறிய எழுத்தில் இம்முறை இயங்கியதா இல்லையா என்று குறித்திருப்பார்கள். அதைப் படியாமல் பட்டையைப் படிக்க வேண்டாம்.

மின்சாரத்தையும் சூட்டையும் பற்றி இரண்டு வார்த்தை. மதர்போர்டிலுள்ள செருகுவாய் வழியாகக் கார்டு 75 வாட் வரை எடுக்கலாம் என்பது விதி. 2016 சூனில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 வந்தபோது, கார்டுக்கும் செருகுவாய்க்கும் இடையே கருவியைச் செருகி அளந்தவர்கள், அது இவ்வெல்லையை மீறுவதைக் கண்டார்கள். அடுத்த மாதமே திருத்திய டிரைவர் வந்தது. அளக்கும் கருவி இல்லாதிருந்தால் மலிவான போர்டு வைத்திருந்தவர்கள் எத்தனை நாள் அறியாமல் ஓட்டியிருப்பார்களோ!

சூடு நமக்கு அதைவிட நெருங்கிய விஷயம். மதிப்புரையில் கார்டின் சூடு 70 டிகிரி என்று போட்டிருந்தால், சோதித்தவர் அறையில் அன்று எத்தனை டிகிரி என்று பாருங்கள். பெரும்பாலும் 20-க்கும் 25-க்கும் இடையில் இருக்கும். அறை 22 என்றால் கார்டு அறையைவிட 48 டிகிரி கூடுதல். அதே கார்டை மே மாதத்துத் தில்லியில், 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் நம் அறையில் ஓட்டினால் கணக்குப்படி 88 ஆக வேண்டும். அந்நிலை வருமுன்பே கார்டு விசிறியைப் பேயாகச் சுழற்றும். அதுவும் போதாவிட்டால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியின் இரைச்சலை டெசிபெல் கணக்கில் அளந்து பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம் விடுதியின் மின்விசிறிகள் எழுப்பும் ஓசைக்கு முன்னால் எந்தக் கார்டின் இரைச்சலும் காதில் விழாது என்பதால் அந்தப் பக்கங்களை நாம் தாண்டிவிடலாம்.

கடைக்குப் போகும்போது ஒன்று. கார்டின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஜிடி 1030 என்ற சிறு கார்டு 2017-இல் வந்தபோது அதன் நினைவகம் வினாடிக்கு 48 கிகாபைட் கொடுத்தது. மறு ஆண்டில் அதே பெயரில் வேறு நினைவகத்தோடு ஒன்று வந்தது. அது கொடுத்தது 16.8. மூன்றிலொரு பங்குதான். பெட்டியின் முகப்பில் பெயர் ஒன்றே. வேற்றுமை, நினைவகத்தின் வகையைக் குறிக்கும் சிறிய எழுத்தில் இருந்தது. முந்தியதைச் சோதித்த மதிப்புரையைப் படித்துவிட்டுப் பிந்தியதை வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மேலும், 'பணத்துக்கேற்ற கார்டு' என்று அமெரிக்கர் ஒருவர் பட்டம் கொடுத்தால் அது டாலர் விலைக்குக் கொடுத்த பட்டம். இங்கே வரியும் கடைக்காரர் இலாபமும் சேர்ந்து, அங்கே இரண்டாவதாக நின்ற கார்டு இங்கே முதலாவதாகிவிடுவது உண்டு. நம் திரை அளவுக்குரிய பக்கத்தில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு, நேரு பிளேஸில் சொல்லும் ரூபாயை அதனால் வகுத்துப் பார்த்தால், ஒரு படத்துக்கு எத்தனை ரூபாய் என்பது தெரிந்துவிடும். இந்தக் கணக்குக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும்.

தம்பியின் கார்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாதிப் பணத்தை நான் கொடுப்பதாகச் சொன்னேன். அவன் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். இரண்டு மாதம் கழித்து, அடுத்த விடுதியில் புதிய போர்டு வைத்திருந்த ஒருவருக்கு 11,000 ரூபாய்க்கு விற்றோம். விற்குமுன் அவர் கம்ப்யூட்டரில் பூட்டி, தம்பியின் வீட்டுப் படத்தையே ஓட்டிப் பார்த்தோம். வாசலைக் கடந்தோம், கூடத்துக்குள் நுழைந்தோம். மரவேலையும் தரைக்கல்லும் திரைச்சீலையும் ஒரு திக்கலுமின்றி நகர்ந்து வந்தன. அதே கார்டுதான். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஜூரிக்கு இவர் அறைக்கு வந்திருக்கலாம் அண்ணே" என்றான்.

3,000 ரூபாய் நட்டம். அக்காவுக்கு அவன் அதை இன்னும் சொல்லவில்லை.

இந்த ஆண்டும் ஆடி பிறந்துவிட்டது. கார்டு பற்றிக் கேட்க விரும்பும் நண்பர்கள் சனிக்கிழமை மாலையில் வரலாம். வரும்போது மதர்போர்டின் பெயர், பிராசசரின் பெயர், பவர் சப்ளையின் வாட், திரையின் அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவும். அரை நிமிடத்தில் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.